பிடித்து விட்ட மீன்கள்

டெக்சாஸில் பேர்லேண்ட் கோயில் கேன்டீனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் என் மனைவி வசந்தாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செந்தில் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். கரூர்க்காரன். ஹூஸ்டனில் ஐ.டி. வேலை. கொஞ்ச நாளாக மீன் பிடிக்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது. கூடப் போக நாலைந்து பேர், அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிய பழைய படகு ஒன்று.

"அங்கிள், நீங்க ஃபிஷரீஸ் டிபார்ட்மென்ட்லதான இருந்தீங்க? ஒரு டவுட்டு." போனில் எதையோ தேடி என் முன்னால் நீட்டினான். "இந்த ஒரு லேக்ல மட்டும் சம்மர்ல ஸ்ட்ரைப்பர் பிடிச்சா திரும்பத் தண்ணில விடக்கூடாதாம். பிடிச்சதை வச்சிக்கணுமாம். ஒரு நாளைக்கு இத்தனைன்னு இருக்கிற லிமிட் முடிஞ்சா ஃபிஷிங்கையே நிறுத்திடணுமாம். ஊரெல்லாம் கேட்ச் அண்ட் ரிலீஸ் பண்ணுன்னு சொல்றான், இங்க ரிலீஸ் பண்ணா ஃபைன் போடறான். யாரு அங்கிள் இந்த மாதிரி ரூல் எல்லாம் எழுதறது? ரூம் போட்டு யோசிப்பாங்களோ?"

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆழத்துல இருந்து மேல வர்ற மீனை விட்டாலும் பிழைக்காதுப்பா" என்று மட்டும் சொன்னேன்.

"ஓ, அப்படியா" என்றான். அடுத்த மூச்சில், ஜூன் ஆரம்பத்தில் அந்த ஏரியில் எந்தப் பக்கம் போனால் ஸ்ட்ரைப்பர் அதிகம் கிடைக்கும் என்று கேட்டான். சொன்னேன். மகிழ்ச்சியாக எழுந்து போனான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. அவன் மேல் இல்லை. அந்த விதி எப்படி வந்தது என்று கேட்க இந்த மாநிலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றுதான். கேட்காவிட்டாலும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன். ஏரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் கரையில் இன்னும் வீடு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை சூப்பர்வைசரின் மகன். தூத்துக்குடியில் மீன்வளம் படித்தேன். இறால் பண்ணை எதிலாவது உட்கார்ந்திருக்க வேண்டியவன், மேல்படிப்பு என்று டெக்சாஸ் வந்து சேர்ந்தேன். படிப்பு முடிந்து மாநிலத் துறையில் தற்காலிக ஊழியனாக வலை கழுவி, படகு ஓட்டப் பழகி, கிரீன் கார்டுக்குக் காத்துக் கிடந்து, கடைசியில் நன்னீர்ப் பிரிவில் உயிரியலாளன் ஆனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே வந்த எல்லோரும் ஏதோ ஒரு வரிசையில் நின்றவர்கள்தான்.

மீன்வளத் துறை மீனுக்காக இருக்கிறது என்று நினைத்துத்தான் வேலையில் சேர்ந்தேன். அது மீன் பிடிக்க லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்காக இருக்கிறது என்று புரிய வெகுகாலம் ஆகவில்லை. அதில் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் காசில்தான் எங்களுக்குச் சம்பளம். ஆனால் மீனுக்கு ஒன்று, லைசென்ஸ் வாங்குகிறவருக்கு வேறொன்று என்று ஆகிற நாள் வரும். அன்றைக்கு யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

எங்கள் ஏரியில் அந்த நாள் வருடா வருடம் ஜூன் மாதத்தில் வந்தது.

ஸ்ட்ரைப்பர் என்பது வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடும் பெரிய மீன். தூண்டிலில் மாட்டினால் கையை ஒடிக்கிற மாதிரி இழுக்கும். அதற்காகவே வெளி மாநிலங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அது இந்த ஏரியின் பூர்வீக மீன் அல்ல. நாங்கள்தான் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விடுவோம். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஆக்ஸிஜனும் நிறைய வேண்டும். கோடை தொடங்கும்போது ஏரி இரண்டாகப் பிரிந்துவிடும். மேலே வெயிலில் காய்ந்த சூட்டுத் தண்ணீர். அடியில் குளிர்ந்த தண்ணீர். இரண்டும் கலக்காது. அடித்தண்ணீரில் மக்குகிற இலைதழை எல்லாம் சேர்ந்து அங்கே இருக்கும் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடும். மேலே போனால் சூடு. கீழே போனால் மூச்சு முட்டும். நடுவில் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் மிச்சம். ஏரியில் உள்ள பெரிய ஸ்ட்ரைப்பர் அத்தனையும் வந்து அந்த அடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

அதை அளப்பதுதான் என் வேலையில் எனக்குப் பிடித்தது. விடியற்காலையில் அணைக்கு அருகே, பழைய ஆற்றுப்படுகை ஓடும் இடத்தில் நங்கூரம் போடுவோம். அடையாளம் போட்ட கேபிளின் நுனியில் சூட்டையும் ஆக்ஸிஜனையும் காட்டும் அளவுமானி. ஒவ்வொரு மீட்டராக இறக்க வேண்டும். இறக்கியவுடன் எண்ணைப் படிக்கக்கூடாது. எண் ஆடிக்கொண்டிருக்கும். அது நிற்கும் வரை காத்திருந்து, ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். அவசரப்படுகிறவர்கள் எண் நிற்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். அந்தத் தப்பை லின் ஒரு நாளும் செய்ததில்லை.

லின் வியட்நாம் குடும்பத்துப் பெண். அவள் அப்பா வளைகுடாக் கரையில் இறால் படகு வைத்திருந்தவர். என்னைவிட நிறைய வயது சின்னவள். மீன் உயிரியலில் பட்டம் வாங்கியவள். இரண்டு குழந்தைகள். கணவர் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். துறையில் நிரந்தர இடம் காலியாகும் என்று காத்துக்கொண்டு, ஒரு வருட ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். அதனால் நாங்கள் படகில்தான் சாப்பிடுவோம்.

மீன்கள் ஓரிடத்தில் குவிந்து நிற்பது எங்களுக்குத் தெரிந்த மாதிரி சோனார் வைத்துக்கொண்டு காசுக்கு ஆட்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் வழிகாட்டிப் படகுக்காரர்களுக்கும் தெரியும். தூண்டிலை அந்த ஆழத்துக்கு இறக்கினால் போட்டது போட்டபடி மாட்டும். துறை வாரா வாரம் வெளியிடும் ஏரி நிலவரத்தில், 'ஸ்ட்ரைப்பர்: மிக நன்று' என்று வரும். ஓட வேறு இடம் இல்லாத மீனைப் பற்றித்தான் அப்படி எழுதினோம்.

பிடித்துத் தின்றிருந்தால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. பிடித்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரில் விட்டார்கள். குளிர்ந்த ஆழத்திலிருந்து இழுத்து, சூட்டுத் தண்ணீரைக் கடந்து மேலே கொண்டுவந்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விடுவார்கள். அது வாலை அசைத்துக்கொண்டு கீழே போகும். விட்டவருக்கு மனசு நிறைந்துவிடும். உடனே அடுத்ததைப் பிடிப்பார். லிமிட் என்பது வைத்துக்கொள்கிற மீனுக்குத்தானே, விடுகிற மீனுக்குக் கணக்கே கிடையாது.

ஜூன் மாதத்தில் படகுத்துறைக்காரர்கள் ஒரு போட்டி நடத்துவார்கள். நோயாளிக் குழந்தைகளுக்காக நிதி. 'ஒரு மீன்கூடச் சாகாது' என்று பேனர். பிடித்த மீன்களைத் தொட்டியில் கொண்டுவந்து, மேடையில் எடை போட்டு, கைதட்டி, தண்ணீரில் விடுவார்கள். இரண்டொரு நாள் கழித்துக் காற்று எதிர்க்கரைக்கு அடிக்கும்போது வெள்ளை வயிறுகள் ஒதுங்கும். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் எங்களுக்குப் போன் செய்வார்கள். 'கோடைக்கால இயற்கை இறப்பு' என்று சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு.

உத்தரவு போட்டவர் எங்கள் மாவட்ட மேற்பார்வையாளர் டேல். அவரைக் கொடியவர் என்று நினைத்துவிடக்கூடாது. கொடியவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். குரலை உயர்த்தியே பேச மாட்டார். வீட்டுத் தோட்டத்துப் பீச் பழங்களைக் கூடையில் கொண்டுவந்து ஒவ்வொருவர் மேசையிலும் வைப்பார். என் மகள் எந்தப் பரீட்சை எழுதுகிறாள் என்பது வரை நினைவு வைத்துக் கேட்பார். அவர் யாருக்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. நம் அறிக்கையை வாங்கி, பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்வார். 'செத்தன' என்று நான் எழுதியிருந்தால் 'இறப்பு காணப்பட்டது' என்று திருத்துவார். அடுத்த முறை அதை 'இழப்பு' ஆக்குவார். அதற்கடுத்த முறை 'எண்ணிக்கையில் மாறுதல்'. மூன்று முறை அவர் மேசைக்குப் போய்வந்தால் செத்த மீனெல்லாம் எங்கேயோ குடிபெயர்ந்து போயிருக்கும்.

"இப்படி எழுதினா மேல படிப்பாங்க மணி" என்பார். "நீ எழுதற மாதிரி எழுதினா மூடி வச்சிருவாங்க."

மேலே படித்துவிட்டும் மூடித்தான் வைத்தார்கள்.

கூண்டு ஆய்வு லின்னின் யோசனை. விட்ட மீன் பிழைக்கிறதா சாகிறதா என்று சண்டை போடுவதைவிட, விட்ட மீனை ஆழத்திலேயே ஒரு வலைக்கூண்டில் வைத்துப் பார்த்துவிடலாமே என்றாள். தூண்டில்காரர்கள் சிலரிடம் பேசினோம். அவர்கள் வழக்கம்போல் பிடிப்பார்கள். வழக்கம்போல் படம் எடுப்பார்கள். தண்ணீரில் விடுவதற்குப் பதிலாக எங்கள் கூண்டில் விடுவார்கள். கூண்டை அந்த நடு அடுக்குக்கே இறக்கி வைப்போம்.

இதில் ஒரு கேள்வி வரும். கூண்டில் அடைத்ததால்தான் செத்தது, நீங்கள் தொட்டதால்தான் செத்தது என்று நாளை ஒருவர் சொன்னால்? அதற்கும் லின் வழி வைத்திருந்தாள். பொரிப்பகத்திலிருந்து அதே அளவு மீன்களைக் கொண்டுவந்து, முன்கூட்டியே ஏரித் தண்ணீருக்குப் பழக்கி, அதே மாதிரிக் கூண்டில், அதே ஆழத்தில், பக்கத்திலேயே இறக்கினாள். தூண்டிலில் மாட்டவில்லை என்பதைத் தவிர அந்த மீன்களுக்கும் இந்த மீன்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. இறக்கியதும் அதே கைகள்தான். மீனைத் தொடும் முன் அவள் கையை ஏரியில் நனைத்துக்கொள்வாள். காய்ந்த கை பட்டால் மீன் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும். படகில் ஏறிய எல்லோரையும் அப்படிச் செய்யச் சொல்வாள், என்னையும் சேர்த்து.

மூன்றாம் நாள் காலையில் கூண்டுகளைத் தூக்கினோம். தூண்டில் மீன்கள் பெரும்பாலும் செத்துக் கிடந்தன. உயிர் இருந்த ஒன்றிரண்டும் ஒருக்களித்து மிதந்தன. அவற்றை அள்ளிவிட்டுத் தூக்கிய பக்கத்துக் கூண்டில் பொரிப்பக மீன்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

"நாம நினைச்சதைவிட மோசம் மணி" என்றாள் லின். செத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தோம்.

கரையில் ஒரு வீட்டுக்காரர் மாடியிலிருந்து அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. மாலைச் செய்தியில் வந்துவிட்டது. துறையின் முத்திரை போட்ட படகு, கூண்டு நிறையச் செத்த மீன், குனிந்து அள்ளுகிற லின். நீங்கள் கட்டிய லைசென்ஸ் காசில் உங்கள் மீனைக் கூண்டில் அடைத்துக் கொல்கிறார்கள் என்று ஒருவர் ஆவேசமாகச் சொன்னார். பக்கத்துக் கூண்டு வீடியோவில் இல்லை. அதைத் தூக்கும் முன்பே வீட்டுக்காரர் எடுப்பதை நிறுத்தியிருக்கிறார்.

மறுநாள் தலைமையகத்திலிருந்து அறிக்கை வந்தது. ஒப்பந்த ஊழியர் ஒருவர் மீன்களைக் கையாண்டதில் ஏற்பட்ட குறைபாட்டால் அந்த மீன்கள் இறந்தன, துறை வருந்துகிறது, ஆய்வு நிறுத்தப்பட்டது. நிருபர்கள் யார் அந்த ஊழியர் என்று கேட்டிருக்கிறார்கள். அரசாங்கத் தகவல்தானே என்று பெயரையும் கொடுத்துவிட்டார்கள்.

நான் டேலின் அறைக்குப் போனேன்.

"பக்கத்துக் கூண்டு மீன் எல்லாம் உயிரோட இருந்துச்சு டேல். ரெண்டையும் இறக்கினது ஒரே கைதான்."

"தெரியும் மணி."

"அப்ப அறிக்கை பொய்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது மேல இருந்து வந்தது. நான் எழுதல."

"நீங்க எழுதலன்னு தெரியும். வெளியே போறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "அவ ஒப்பந்தம் கோடையோட எப்படியும் முடியுது" என்றார்.

இத்தனை வருடத்தில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். நிறத்தைச் சொல்லியிருக்கிறார்கள், உச்சரிப்பைச் சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் மறந்துவிட்டது. பீச் பழம் கொண்டுவந்து வைக்கிற மனிதர் அமைதியாகச் சொன்ன இந்த ஒரு வாக்கியம் இன்றுவரை மறக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஏரி ஊரின் பள்ளிக்கூட ஜிம்மில் பொதுமக்கள் கூட்டம். கோடையில் இந்த ஏரியில் பிடித்து விடும் போட்டிகளைத் தடை செய்யலாமா என்பது பற்றி. கூட்டத்தை முன்பே அறிவித்துவிட்டதால் ரத்து செய்ய முடியவில்லை. நான் பேசப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"என்ன பேசப்போறீங்க?" என்றாள் வசந்தா.

"நடந்ததை."

"பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. நீலச் சட்டையை அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன். அதைப் போட்டுட்டுப் போங்க."

என் மகள் அப்போது ஆஸ்டினில் காலேஜில் இருந்தாள். போனில் விஷயத்தைச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டாள். கடைசியில், "இட்ஸ் ஜஸ்ட் ஃபிஷ், அப்பா" என்றாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னாள் என்று வசந்தா சமாதானம் சொன்னாள். இருக்கலாம்.

ஜிம் நிறைந்திருந்தது. மேடையில், துறையின் விதிகளை முடிவு செய்யும் ஆணையக் குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் டேல், அவர் பக்கத்தில் நான். என் முறை வந்ததும் மைக் முன்னால் போய் நின்றேன். ஏரி எப்படிப் பிரிகிறது, மீன் எங்கே போய் நிற்கிறது, விட்ட மீன் ஏன் பிழைப்பதில்லை என்று சொன்னேன். பிறகு, கையாண்டதால் மீன் செத்தது என்ற அறிக்கை தவறு, அதே கைகள் இறக்கிய பக்கத்துக் கூண்டு மீன்கள் உயிரோடு இருந்தன, அதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒருவர், உங்க ஊர்ல போய் மீன் பிடி என்றார். சிலர் சிரித்தார்கள். படகுத்துறை உரிமையாளர் எழுந்து, இவர் நோயாளிக் குழந்தைகளுக்கு எதிராகப் பேசுகிறார் என்றார். அதற்குப் பலமாகக் கைதட்டினார்கள். குழுவின் தலைவி டேலைப் பார்த்து, "உங்கள் உயிரியலாளர் சொல்வதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டார். அந்த அம்மாள் ஒருவர்தான் அன்றைக்கு உருப்படியான கேள்வி கேட்டவர்.

டேல் எழுந்து நின்றார். "எல்லாத் தரவுகளையும் துறை பரிசீலிக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

லின் கடைசி வரிசையில் கணவரோடு வந்திருந்தாள். ஒப்பந்தத்தில் இருக்கும் வரை வெளியே எதுவும் பேசக்கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். டேல் உட்கார்ந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். இருவரும் எழுந்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

தீர்மானம் தோற்றது. லின்னின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. பிறகு ஏரியிலிருந்து எடுத்துத் தலைமையகத்தில் போட்டார்கள். தண்டனை என்று சொல்லவில்லை, என் அனுபவத்தைப் பரவலாகப் பயன்படுத்த என்று சொன்னார்கள். என்ன வேலை தெரியுமா? மாநிலம் முழுவதுக்கும் வாராந்தர மீன்பிடி நிலவரம் எழுதுவது. படகுத்துறைகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் போன் செய்து, கேட்டதை எழுத வேண்டும். தண்ணீர் தெளிவு, இத்தனை டிகிரி, பாஸ் மீன் பரவாயில்லை, கெளுத்தி நன்று. ஜூன் வந்தால் எங்கள் ஏரிக்கு எதிரே, 'ஸ்ட்ரைப்பர்: மிக நன்று'. அதை என் கையால் தட்டச்சு செய்தேன். ஒரு முறை, 'மீன்கள் நெருக்கடியில் உள்ளன, பிடித்து விடுவதைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். வெளியே வரும்போது அது இல்லை.

சில வருடம் கழித்து ஒரு கோடை சீக்கிரமே வந்தது. மே மாதமே ஆகஸ்ட் மாதிரி காய்ந்தது. மழை இல்லை. ஏரி இறங்கிவிட்டது. நடு அடுக்கு மெலிந்துகொண்டே போய் ஜூனில் ஒரு வாரம் இல்லாமலே போய்விட்டது. பெரிய ஸ்ட்ரைப்பர்கள் மொத்தமாக மிதந்தன. அந்த முறை எதிர்க்கரை மட்டுமில்லை, எல்லாக் கரையும். வீடு பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள். விடுதிகளில் முன்பதிவு செய்தவர்கள் வரவில்லை. படகுத்துறைக்காரர்களே துறைக்குப் போன் செய்து ஏதாவது செய்யுங்கள் என்றார்கள்.

அதன் பிறகு விதி வர ஒரு வருடம்கூட ஆகவில்லை. செந்தில் எனக்குக் காட்டிய அதே விதிதான். பிடித்ததை வைத்துக்கொள், லிமிட் முடிந்ததும் நிறுத்து. சூட்டு வெயிலுக்கும் வறட்சிக்கும் விதி போட முடியாது. ஆனால் அந்த நெருக்கடியில் நிற்கும் மீனைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பதையாவது நிறுத்தலாம். நல்ல விதி. நாங்கள் கேட்டதைவிடக் கறாரானது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது எங்கள் கூண்டு ஆய்வு. பக்கத்துக் கூண்டு மீன்கள் பற்றியும் அதில் விவரமாக இருந்தது, கையாண்டதால் சாகவில்லை என்பதற்குச் சான்றாக. ஆய்வை நடத்தியவர்கள் என்று மாவட்ட அலுவலகத்தின் பெயரைப் போட்டிருந்தார்கள். டேலுக்கு ஓய்வு பெறும் சமயத்தில் ஒரு விருந்தில் விருது கொடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன்.

விருந்துக்கு முன் அவரைத் தனியாகப் பிடித்தேன். "மேடையில லின் பேரைச் சொல்லுங்க டேல். அவ மேல தப்பில்லன்னு ஒரு வரி போதும்."

தோளில் கை வைத்தார். "நிச்சயமா ஞாபகத்தில வெச்சிருக்கேன் மணி."

மேடையில், இது ஒரு குழுவின் உழைப்பு என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தப் பழைய அறிக்கையைத் திருத்தச் சொல்லி நான் ஓய்வு பெறும் வரை எழுதிக்கொண்டிருந்தேன். வெளியான அறிக்கைகளைத் திருத்தும் வழக்கம் இல்லை என்று சட்டப் பிரிவிலிருந்து மரியாதையாகப் பதில் வரும். அது இன்னும் இணையத்தில் அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்குப் பக்கம் என்று பேர்லேண்டுக்குக் குடிவந்த பிறகு ஒரு நாள் லின்னைப் பார்க்கப் போனேன். அவள் வளைகுடாக் கரையில் ஒரு சின்ன ஊரில் அப்பாவின் தூண்டில்கடையை நடத்திக்கொண்டிருந்தாள். உயிர் இறால், தூண்டில் முள், ஐஸ், குளிர்பானம். லைசென்ஸும் அங்கேயே போட்டுக் கொடுப்பார்கள். கண்ணோரம் சுருக்கம் விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கவுன்டரைச் சுற்றி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைகள் படத்தைக் காட்டினாள். மூத்தவன் மெக்கானிக் படிக்கிறானாம்.

நான் விதி வந்ததைச் சொன்னேன். நம்முடைய ஆய்வைத்தான் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள், பொரிப்பக மீன்கள் பற்றிக்கூட விவரமாக எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"தெரியும்" என்றாள். "என்னைப் பத்தி எழுதினதை மாத்தினாங்களா?"

"இல்ல. நான் எவ்வளவோ எழுதிப் பார்த்தேன்."

"நீங்க எழுதியிருப்பீங்கன்னு தெரியும்." தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தாள். "அப்புறம் வேற வேற ஊர்ல ஃபிஷரீஸ் வேலைக்கு அப்ளை பண்ணினேன் மணி. கூப்பிடுவாங்க. என் பேரைத் தேடிப் பார்த்திருப்பாங்க. ஒரு இடத்தில நேராவே கேட்டாங்க, அந்தக் கூண்டு மீனையெல்லாம் கொன்னது நீங்கதானேன்னு. அதோட நிறுத்திட்டேன்."

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கும் செய்ய ஏதாவது இருந்திருக்கும்.

வாசலில் பிக்கப் ஒன்று வந்து நின்றது. வயதான ஒருவர் உள்ளே வந்து லைசென்ஸ் கேட்டார். லின் அவருடைய விவரங்களைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்தாள். கவுன்டர் ஓரத்தில் இந்த வருடத்து விதிமுறைப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக இருந்தன, அட்டையில் துறையின் முத்திரையோடு. லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்கு இலவசம். ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

அவர் அங்கேயே புரட்டினார். வடக்கே பேரனோடு ஸ்ட்ரைப்பர் பிடிக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் ஏரியின் பெயரைத்தான் சொன்னார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "பிடிச்ச மீனை விடக்கூடாதுன்னு போட்டிருக்கே, இது ஏன்மா?" என்று கேட்டார்.

நான் லின்னைப் பார்த்தேன். அவள் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கோடையில விட்டா பிழைக்காதுங்க சார்" என்றாள். "டிபார்ட்மென்ட்ல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க."